திருகோணமலையிலிருந்து சிங்கப்பூருக்கு: குறைந்த செலவில் போய்வர விரும்பும் மாணவருக்கான வழிகாட்டி

திருகோணமலையில் படித்துக்கொண்டிருக்கும் ஒருவர் முதன்முறையாக ஒரு வெளிநாட்டுப் பெருநகரைப் பார்க்க நினைத்தால், சிங்கப்பூர் பல வகையிலும் பொருத்தமானது. இலங்கைக் கடவுச்சீட்டில் குறுகிய காலத்துக்குச் சுற்றிப் பார்க்கப் போகிறவர்களிடம் அந்த நாடு விசா கேட்பதில்லை. நேரடி விமானத்தில் ஏறத்தாழ நான்கு மணித்தியாலத்தில் போய்ச் சேரலாம். தமிழ் அங்கே ஆட்சிமொழிகளுள் ஒன்று. செலவு கூடிய நகரம் என்ற பேச்சு உண்மைதான் என்றாலும், மாணவருடைய காசு பெரும்பாலும் கரைவது ஊரை விட்டுப் புறப்படுவதற்கு முன்னரேதான்: பெயரில் ஒரு எழுத்து மாறிப்போன விமானச்சீட்டு, இல்லாத விசாவுக்கு முகவரிடம் கட்டிய பணம், அவசரத்தில் பிடித்த வாடகை வண்டி என்று அது போய்விடுகிறது. கேட்டறிய ஆளில்லாமல் அலைந்து தெரிந்துகொண்ட விடயங்களை, அடுத்தவர்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்பதற்காக, செய்ய வேண்டிய ஒழுங்கிலேயே இங்கே தருகிறேன்.

1. கடவுச்சீட்டும் பெயர் எழுத்துகளும்

பயணத்துக்கு மூன்று, நான்கு மாதங்களுக்கு முன்னரே இந்த வேலையைத் தொடங்குங்கள். தேவைப்படுபவை தேசிய அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழின் மூலப்பிரதி, கே 35 ஏ விண்ணப்பப் படிவம், புகைப்படத்துக்கான பற்றுச்சீட்டு என்பனவாகும். புகைப்படத்தை எந்த ஸ்டூடியோவிலும் எடுத்து ஒட்டிவிட முடியாது. குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் அங்கீகாரம் பெற்ற ஸ்டூடியோவில் எடுக்கவேண்டும். அவர்கள் படத்தை இணையவழியாகத் திணைக்களத்துக்கு அனுப்பிவிட்டு இலக்கமிட்ட பற்றுச்சீட்டு ஒன்றை உங்களிடம் தருவார்கள். அதைத் தொலைத்துவிடாதீர்கள்.

விண்ணப்பிப்பதற்குப் பத்தரமுல்லைத் தலைமையகம் வரை போகவேண்டிய கட்டாயம் இல்லை. நமக்குக் கிட்டிய பிராந்திய அலுவலகம் வவுனியாவில் இருக்கிறது. ஹொரவப்பொத்தானை வழியாக பஸ்ஸில் போகலாம். இணையவழியாக விண்ணப்பித்து, குறித்த சில பிரதேச செயலகங்களில் கைரேகை கொடுக்கும் முறையும் 2023 முதல் நடைமுறையில் உள்ளது. எந்தெந்தச் செயலகங்கள் என்ற பட்டியல் திணைக்களத்தின் தளத்தில் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். ஒருநாள் சேவைக்கு 20,000 ரூபா அறவிடப்படுகிறது. நேரகாலத்தோடு தொடங்கினால் சாதாரண சேவையே போதும். இந்தப் பயணத்தில் நீங்கள் மிச்சப்படுத்தும் முதற் காசு அதுதான்.

இந்தக் கட்டத்தில் நம்மவர்கள் அதிகம் இடறுவது பெயரில். பிறப்புச் சான்றிதழ் தமிழில் இருக்கும். அதில் தகப்பனார் பெயர் ஒரு பகுதியில், பிள்ளையின் பெயர் இன்னொரு பகுதியில் இருக்கும். அடையாள அட்டையிலோ அதே பெயர் ஆங்கிலத்தில் வேறொரு எழுத்துக்கூட்டலில் வந்திருக்கும். விண்ணப்பத்தைக் கையளிப்பதற்கு முன் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாகப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் அதைத் திருத்துவதற்கோ உறுதிப்படுத்துவதற்கோ பிரதேச செயலகத்தில் என்ன செய்ய வேண்டும் என்று முதலில் கேளுங்கள். இதற்குச் சில வாரங்கள் போகக்கூடும் என்பதால்தான் மூன்று, நான்கு மாதம் என்று சொன்னேன்.

ஏற்கெனவே கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் ஒன்றை மட்டும் பார்த்தால் போதும்: சிங்கப்பூரில் இறங்கும் நாளில் அது இன்னும் ஆறு மாதத்துக்காவது செல்லுபடியாக வேண்டும்.

2. விசா என்று யாராவது காசு கேட்டால்

கொடுக்காதீர்கள். குறுகிய காலச் சுற்றுலாவுக்கு இலங்கையர்களுக்கு விசா வேண்டியதில்லை. எத்தனை நாள் தங்கலாம் என்பதை இறங்கும் இடத்தில் குடிவரவு அதிகாரியே தீர்மானிப்பார். அந்த அனுமதியும் இப்போது முத்திரையாகக் குத்தப்படுவதில்லை. மின்னஞ்சலில் வந்து சேரும்.

இன்னொரு விடயத்தைச் சற்று அழுத்தியே சொல்லவேண்டியிருக்கிறது. சுற்றுலா அனுமதியில் போய் அங்கேயே ஒரு வேலையைத் தேடிக்கொள்ளலாம் என்று ஆசை காட்டுகிறவர்கள் நம் ஊரிலும் இருக்கிறார்கள். அந்த அனுமதியில் வேலை செய்வது குற்றம். பிடிபட்டால் தண்டனையும் திருப்பியனுப்பலும் மறுபடி நுழையத் தடையும் வரும். அதற்கு முன்னரே முகவருக்குக் கட்டிய பணம் போயிருக்கும். படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள் இந்தப் பேச்சுக்குக் காது கொடுக்கவே வேண்டாம்.

3. விமானச்சீட்டு

கொழும்பிலிருந்து சிங்கப்பூருக்கு ஸ்ரீலங்கன் விமானமும் சிங்கப்பூர் எயர்லைன்சும் நேரடியாகப் பறக்கின்றன. கோலாலம்பூர் வழியாகவும் இந்திய நகரங்கள் வழியாகவும் விலை குறைந்த சீட்டுகள் கண்ணில் படும். அவற்றுள் ஒரு பொறி இருக்கிறது. இரண்டு விமானங்களையும் ஒரே சீட்டில் பதிந்திருந்தால் இடையில் நாட்டுக்குள் நுழையாமல் மாறிவிடலாம். தனித்தனிச் சீட்டுகளாக வாங்கியிருந்தால் பெட்டியை எடுத்து மறுபடி ஒப்படைப்பதற்காக அந்த நாட்டுக்குள் நுழைய வேண்டிவரும்; அதற்கு மலேசிய விசாவோ இந்திய விசாவோ கையில் இருக்கவேண்டும். அது இல்லையென்றால் கட்டுநாயக்கவிலேயே ஏற்றமாட்டார்கள். பத்தாயிரம் ரூபா குறைவு என்று பார்த்து முழுச் சீட்டையும் இழப்பதைவிட, நேரடிச் சீட்டை இரண்டு மாதத்துக்கு முன் வாங்குவதே மாணவருக்கு ஏற்றது என்பது என் கருத்து.

பதியும்போது கடவுச்சீட்டின் படப் பக்கத்தைத் திறந்து முன்னால் வைத்துக்கொண்டு, அதில் குடும்பப் பெயர் என்று இருப்பதைக் குடும்பப் பெயருக்கும் மற்றப் பெயர்கள் என்று இருப்பதை முதற் பெயருக்கும் அப்படியே எழுதுங்கள். வீட்டில் எப்படிக் கூப்பிடுகிறார்கள், பரீட்சைச் சான்றிதழில் எப்படி இருக்கிறது என்பதெல்லாம் இங்கே உதவாது. பிழையான பெயரைத் திருத்துவதற்கு விமானக் கம்பனிகள் கட்டணம் கேட்கும். சில சீட்டுகளில் திருத்தவே முடியாது.

திகதியிலும் கவனம் வேண்டும். கொழும்பிலிருந்து போகும் விமானங்கள் பல நள்ளிரவு தாண்டிப் புறப்படுகின்றன. சீட்டில் 15ஆம் திகதி, நேரம் 00.50 என்று இருந்தால், நீங்கள் 14ஆம் திகதி இரவு ஒன்பதரை மணிக்கே விமான நிலையத்தில் நிற்கவேண்டும் என்பது அதன் பொருள். 15ஆம் திகதி இரவு போய் நின்று, விமானம் அன்று அதிகாலையிலேயே போய்விட்டது என்று தெரிந்துகொண்டவர்கள் உண்டு.

போகும் காலத்தைப் பொறுத்தும் செலவு மாறும். சீனப் புத்தாண்டில் பல கடைகள் மூடியிருக்கும். ஃபோர்முலா வன் கார்ப் பந்தயம் அங்கே நடக்கும் வாரத்திலும் டிசெம்பர் விடுமுறையிலும் அறைகளின் விலை ஏறிவிடும். முடிந்தால் இந்த நாட்களைத் தவிர்த்துவிடுங்கள்.

4. தங்குமிடம்

மாணவருக்கு உகந்தது ஒரே அறையில் பலர் படுக்கும் ஹொஸ்டல்தான். லிட்டில் இந்தியா, ஜாலான் பெசார், லாவெண்டர், சைனாடவுன் பகுதிகளில் இவை நிறைய உள்ளன. ஒரு படுக்கைக்கு இரவொன்றுக்கு 30 முதல் 40 சிங்கப்பூர் டொலர் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். பெண்களுக்குத் தனியறை உள்ள விடுதிகளும் இருக்கின்றன. பதியும்போதே அதைத் தெரிவுசெய்ய வேண்டும். காட்டப்படும் விலையில் 9 சதவீதப் பொருள் சேவை வரி சேர்ந்திருக்கிறதா என்று கடைசிப் பக்கத்தில் பாருங்கள்.

முகநூலில் யாரோ ஒருவர் தம் அடுக்குமாடி வீட்டின் அறையை நாட்கணக்கில் மலிவாகத் தருவதாகச் சொன்னால் ஏமாந்துவிடாதீர்கள். சிங்கப்பூரில் குடியிருப்பு வீடுகளைச் சுற்றுலாப் பயணிகளுக்குச் சில நாட்களுக்கு வாடகைக்கு விடுவது சட்டவிரோதம். தனியார் வீடென்றாலும் குறைந்தது மூன்று மாதத்துக்குத்தான் கொடுக்கலாம். உறவினர் வீட்டில் விருந்தாளியாகத் தங்குவது வேறு. அப்படியானால் அவர்களுடைய முழு முகவரியையும் தொலைபேசி இலக்கத்தையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

5. காசுக் கணக்கு

ஒரு சிங்கப்பூர் டொலரை 240 ரூபா என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். போகும் வாரத்தில் வங்கி விலையைப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். நான்கு இரவு, ஐந்து பகல் தங்குவதாக எடுத்துக்கொண்டால், படுக்கைக்கு இரவொன்றுக்கு 35 வீதம் 140 டொலர், சாப்பாட்டுக்கு நாளொன்றுக்கு 18 வீதம் 90 டொலர், ரயில் பஸ்ஸுக்கு 7 வீதம் 35 டொலர், சிம் அட்டைக்கு 15 டொலர், கட்டணம் கொடுத்துப் பார்க்கும் இடம் ஒன்றுக்கு 35 டொலர் ஆகும். எல்லாம் சேர்ந்து 315 டொலர், அதாவது 75,600 ரூபா. இதன் மேல் விமானச்சீட்டு வருகிறது. இதைத் தவிர 100 டொலரைத் தனியே மடித்து, கடவுச்சீட்டோடு சேர்க்காமல் வேறோர் இடத்தில் வையுங்கள். அது செலவுக்கான காசல்ல. தொடாமல் திரும்பக் கொண்டுவர வேண்டிய காசு.

டொலரை இங்கேயே வங்கியில் அல்லது மத்திய வங்கியின் அனுமதி பெற்ற நாணயமாற்று நிலையத்தில் வாங்குங்கள். கடவுச்சீட்டும் விமானச்சீட்டும் கேட்பார்கள். எல்லாக் கிளைகளிலும் எல்லா நாட்களிலும் சிங்கப்பூர் டொலர் இருக்காது. திருகோணமலைக் கிளையில் முன்கூட்டியே சொல்லிவைத்து, கிடைக்காவிட்டால் கொழும்பில் மாற்றிக்கொள்ளும்படி ஒழுங்கு செய்யுங்கள். 10, 50 டொலர்த் தாள்களாகக் கேளுங்கள். இலங்கை ரூபாவை அங்கே போய் மாற்றலாம் என்று எண்ணிக் கொண்டுபோக வேண்டாம்.

வங்கி அட்டையை வெளிநாட்டுப் பாவனைக்குத் திறந்துவிடும்படி புறப்படுமுன் வங்கியிடம் கேட்க மறக்காதீர்கள். கடைகளிலும் பணம் எடுக்கும் இயந்திரத்திலும் ‘இலங்கை ரூபாவில் அறவிடவா, சிங்கப்பூர் டொலரில் அறவிடவா’ என்று கேட்டால், எப்போதும் சிங்கப்பூர் டொலரையே அழுத்துங்கள். ரூபாவை அழுத்தினால் அவர்கள் சொல்லும் மாற்று விலையில்தான் கழியும். அது நமக்கு நட்டம்.

6. கைத்தொலைபேசி

அங்கே ஒரு சுற்றுலா சிம் அல்லது இ-சிம் வாங்கினாலும், உங்கள் இலங்கை இலக்கத்துக்கு ரோமிங் வசதியைப் புறப்படுமுன் இயக்கிவிடுங்கள். அட்டையால் இணையத்தில் பணம் செலுத்தும்போது வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவு எண் அந்த இலக்கத்துக்குத்தான் வரும். ரோமிங் இல்லாவிட்டால் கையில் அட்டை இருந்தும் காசு செலுத்த முடியாமல் நிற்க நேரிடும். இலங்கை சிம்மில் தரவுப் பாவனையை மட்டும் நிறுத்தி வையுங்கள். இல்லையென்றால் கட்டணம் ஏறிவிடும்.

சிங்கப்பூரின் மின்செருகிகள் மூன்று சதுரக் கால் கொண்டவை. வட்டக் கால் சார்ஜர் வைத்திருப்பவர்கள் இங்கேயே ஒரு மாற்றி வாங்கிக்கொண்டால் காசு மிச்சம்.

7. வருகை அட்டையும் கையில் இருக்க வேண்டிய தாள்களும்

சிங்கப்பூரில் இறங்கும் நாள் உட்பட மூன்று நாட்களுக்குள், எஸ்ஜி வருகை அட்டை எனப்படும் படிவத்தை இணையத்தில் நிரப்பவேண்டும். அந்த நாட்டின் குடிவரவு ஆணையத்தின் தளத்தில் இது முற்றிலும் இலவசம். தேடும்போது முதலில் வந்து விழும் சில தளங்கள் அரசாங்கத் தளம் போன்றே தோற்றம் காட்டி இதற்குக் காசு கேட்கின்றன; அட்டை இலக்கம் கேட்டால் உடனே மூடிவிடுங்கள். மின்னஞ்சல் முகவரியைச் சரியாக எழுதுங்கள். தங்குவதற்கான அனுமதி அதற்கே வருகிறது.

பின்வருவனவற்றைத் தாளில் அச்சிட்டு ஓர் உறையில் போட்டுக்கொள்ளுங்கள்: போய்வரும் விமானச்சீட்டு, விடுதிப் பதிவு, உங்கள் வங்கிக் கணக்கின் அண்மைய அறிக்கை, நீங்கள் மாணவர் என்று பல்கலைக்கழகம் தரும் கடிதம். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகத்தில் படிப்பவர்கள் அங்குள்ள நிர்வாகப் பிரிவில் ஆங்கிலத்தில் கடிதம் கேட்கலாம்; விடுமுறைக் காலமும் திரும்பி வரும் நாளும் அதில் குறிப்பிடப்பட்டால் நல்லது. தனியே போகும் இளவயதினரிடம் கட்டுநாயக்கவிலும் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலும் ‘எதற்குப் போகிறீர்கள், எங்கே தங்குவீர்கள், செலவுக்கு என்ன இருக்கிறது’ என்று கேட்கக்கூடும். தொலைபேசியில் தேடிக்கொண்டிராமல் உறையை நீட்டினால் பேச்சு சீக்கிரம் முடியும். தொலைபேசியின் மின்கலம் நின்றுபோனாலும் அந்த உறை நிற்காது.

பெட்டியில் என்ன வைக்கக்கூடாது என்பதும் இங்கேயே தெரிந்திருக்க வேண்டும். மின்சிகரெட் முற்றாகத் தடை. சிகரெட்டுக்கு வரிவிலக்கே கிடையாது. ஒரு பெட்டியென்றாலும் அறிவிக்க வேண்டும். சுவிங்கம் கொண்டுபோகக்கூடாது. போதைப்பொருளுக்கு மரணதண்டனை வரை உண்டு. ஆகவே முன்பின் தெரியாதவர் மட்டுமல்ல, தெரிந்தவரே ‘இதை அங்கே ஒருவரிடம் கொடுத்துவிடு’ என்று கட்டிய பொதியை நீட்டினாலும், முன்னால் பிரித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். வலிநிவாரணி, தூக்க மாத்திரை போன்றவற்றுள் சிலவற்றுக்கு முன் அனுமதி வேண்டும். தொடர்ந்து மருந்து எடுப்பவர்கள் மருத்துவரின் சிட்டையோடு போங்கள். வீட்டிலிருந்து இறைச்சி உணவு கட்டிக்கொண்டு போக வேண்டாம்.

8. கட்டுநாயக்க வரை

திருகோணமலையிலிருந்து இரவில் புறப்படும் புகையிரதம் அதிகாலையில்தான் கொழும்புக் கோட்டையை அடையும். நள்ளிரவு விமானத்துக்கு அதை நம்பினால், முதல்நாள் இரவே ஏறி அடுத்த நாள் முழுவதும் கொழும்பில் பொழுது போக்கவேண்டும். விமானம் போகும் நாளின் காலையில் பஸ் எடுப்பதே வசதி. ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் வழியாகக் கொழும்பு போக ஏழு, எட்டு மணித்தியாலம் ஆகலாம். புறக்கோட்டையில் இறங்கி, 187ஆம் இலக்க பஸ்ஸில் விமான நிலையம் போகலாம். கொழும்பு நெரிசலைத் தவிர்க்க விரும்புகிறவர்கள் குருநாகலில் இறங்கி நீர்கொழும்பு பஸ்ஸைப் பிடித்து, அங்கிருந்து கட்டுநாயக்க போகலாம். பெட்டி சிறிதாக இருந்தால் இந்த வழி நல்லது. எப்படிப் போனாலும் மூன்று மணித்தியாலத்தை மேலதிகமாகக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வாடகை வண்டி பிடித்தால் அந்தக் காசில் சிங்கப்பூரில் சில நாள் சாப்பிடலாம்.

9. சாங்கியிலிருந்து நகருக்குள்

சிங்கப்பூர் நேரம் நம் நேரத்தைவிட இரண்டரை மணித்தியாலம் முந்தியது. விமான நிலைய ரயில் நிலையம் இரண்டாம், மூன்றாம் முனையங்களுக்கு இடையில் இருக்கிறது. நள்ளிரவுக்கு முன்பே கடைசி ரயில் போய்விடும் என்பதால் காலையில் இறங்கும் விமானமே நல்லது.

பலரும் தானா மேரா நிலையத்தில் மாறும்படி சொல்வார்கள். லிட்டில் இந்தியாப் பக்கம் தங்குகிறவர்களுக்கு அதைவிட இலகுவான வழி இருக்கிறது. சாங்கிக்கு அடுத்த நிலையமான எக்ஸ்போவில் இறங்கி, நீல நிறத்தில் காட்டப்படும் டவுன்டவுன் பாதைக்கு மாறுங்கள். அந்தப் பாதை நேரே லிட்டில் இந்தியாவுக்குப் போகிறது. ஆனால் சைனாடவுன், மரீனா பக்கமெல்லாம் ஒரு வளையம் சுற்றிவிட்டுத்தான் போகும். வளையம் தொடங்குவதற்கு முன்னரே ஜாலான் பெசார் நிலையம் வந்துவிடுகிறது. அங்கே இறங்கினால் ரோச்சோர், லிட்டில் இந்தியாத் தெருக்கள் நடை தூரம். பெட்டியோடு நிற்கிறவருக்கு இந்த வித்தியாசம் பெரிது.

பயணச்சீட்டு வாங்கத் தேவையில்லை. தொடுகை வசதியுள்ள வங்கி அட்டையை வாயிலில் தட்டி உள்ளே போய், வெளியேறும்போதும் தட்டவேண்டும். பஸ்ஸில் இறங்கும்போது தட்ட மறந்தால் முழுத் தூரத்துக்குமான கட்டணம் கழியும். வெளிநாட்டு அட்டைக்கு நாளொன்றுக்கு 60 சதம் மேலதிகமாக எடுக்கிறார்கள். நிலையங்களில் விற்கும் பயண அட்டையை வாங்கினால், கொடுக்கும் காசில் ஒரு பகுதி அட்டையின் விலையாகவே போய்விடும். ஆகையால் ஒரு வாரத்துக்குக் குறைவாகத் தங்குகிறவர்களுக்கு வங்கி அட்டையே சிக்கனம். ரயிலுக்குள் தண்ணீர் குடித்தால்கூட அபராதம் உண்டு.

ஹொஸ்டல்களில் பிற்பகலில்தான் படுக்கை தருவார்கள். காலையில் போய்ப் பெட்டியை வைத்துவிட்டு வெளியே கிளம்பலாம்.

10. சாப்பாடும் சுற்றலும்

உணவகங்களில் விலைப்பட்டியலுக்கு மேல் 10 சதவீத சேவைக் கட்டணமும் 9 சதவீத வரியும் ஏறும். பல சிறு உணவுக் கடைகள் ஒரே கூரையின் கீழ் இருக்கும் ஹோக்கர் நிலையங்களில் அந்தத் தொல்லை இல்லை. பலகையில் எழுதிய விலையே விலை. லிட்டில் இந்தியா ரயில் நிலையத்தின் வாசலிலேயே இருக்கும் தேக்கா நிலையத்தில் நான்கு முதல் ஏழு டொலருக்குள் தோசை, பரோட்டா, புரியாணி என்று வயிறு நிறையச் சாப்பிடலாம். மேசையில் சிறிய திசுத்தாள் பொதி ஒன்று தனியே கிடந்தால் அந்த இடம் யாரோ பிடித்து வைத்தது. அங்கே அமர வேண்டாம். சாப்பிட்டு முடிந்ததும் தட்டை அதற்குரிய இடத்தில் கொண்டுபோய் வைப்பது 2021 முதல் கட்டாயம். சில நிலையங்களில் ஹலால் தட்டுகளுக்குத் தனி அடுக்கு இருக்கும். குழாய் நீரை அப்படியே குடிக்கலாம். வெற்றுப் போத்தல் ஒன்றைக் கொண்டுபோனால் நாளொன்றுக்கு மூன்று, நான்கு டொலர் மிஞ்சும்.

காசில்லாமல் பார்க்கக்கூடியவையே ஐந்து நாளுக்குப் போதும். 2015இல் யுனெஸ்கோ மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்ற தாவரவியற் பூங்காவில் ஓர்க்கிட் தோட்டத்துக்கு மட்டுமே கட்டணம். கார்டன்ஸ் பை த பே தோட்டத்தின் பெரும் மரக்கோபுரங்களுக்குக் கீழே இரவு 7.45க்கும் 8.45க்கும் நடக்கும் ஒளிக்காட்சியைத் தரையில் படுத்தபடி பார்க்கலாம்; கண்ணாடிக் கூடங்களுக்குள் போவதற்குத்தான் காசு. 1827இல் தொடங்கிய ஸ்ரீ மாரியம்மன் கோயில் சைனாடவுனில் இருக்கிறது. நம்மவர்கள் தவறவிடக்கூடாதது சிலோன் வீதியிலுள்ள செண்பக விநாயகர் கோயில்; இலங்கையிலிருந்து போய்க் குடியேறிய தமிழர்கள் உருவாக்கியது. அருங்காட்சியகங்களில் மாணவர் அடையாள அட்டையைக் காட்டிச் சலுகை உண்டா என்று கேளுங்கள்.

பஸ்ஸில் ஒரு மணித்தியாலத்தில் மலேசியாவின் ஜொகூர் பாருவுக்குப் போய்வரலாம் என்று விடுதியில் யாராவது அழைப்பார்கள். மலேசிய விசா இல்லாமல் பாலத்தைக் கடக்க முயல வேண்டாம்.

11. திரும்பும் நாள்

சாங்கிக்குச் சற்று முன்னதாகவே போனால் ஜுவல் கட்டடத்துக்குள் 40 மீற்றர் உயரத்திலிருந்து விழும் உள்ளக நீர்வீழ்ச்சியை இலவசமாகப் பார்க்கலாம். நூறு டொலருக்கு மேல் ஒரே கடையில் பொருள் வாங்கியிருந்தால் வரியைத் திரும்பப் பெற முடியும். பற்றுச்சீட்டையும் பொருளையும் பெட்டி ஒப்படைப்பதற்கு முன் கையில் வைத்திருங்கள்.

இரவில் புறப்படும் விமானம் நள்ளிரவை ஒட்டிக் கட்டுநாயக்கவில் இறங்கும். அந்த நேரத்தில் வெளியே நிற்கும் வண்டிக்காரரிடம் பேரம் பேச வேண்டாம். விடியும் வரை நிலையத்தினுள்ளேயே இருந்துவிட்டு, காலை பஸ்ஸில் புறக்கோட்டைக்குப் போய்த் திருகோணமலை பஸ்ஸில் ஏறுங்கள். அதற்காக, புறப்படும் நாளிலேயே நான்காயிரம் ரூபாவை ஓர் உறையிலிட்டுப் பெட்டியின் அடியில் வைத்துவிடுங்கள். பஸ் கட்டணத்துக்கும் வழியில் சாப்பாட்டுக்கும் அது போதும்.